மண்ணு பால் விடுது

ராஜநாயகம் பால் சேர்க்காத தே-ஓவைக் கையில் வாங்கியதும் குடிக்கமாட்டார். தம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அதன் மேற்பரப்பைப் பார்ப்பார். மேலே சாலையில் காய்கறி லோரி போனால் கறுப்புத் தேநீரில் மெல்லிய வளையம் ஒன்று தோன்றி, விளிம்பைத் தொட்டு அழியும். அழிந்த பிறகுதான் தம்ளரை எடுப்பார். மலைக்குளிரில் அதற்குள் தேநீர் ஆறிப்போயிருக்கும்.

எஸ்டேட் லயத்துப் பிள்ளைகள் அவருக்குப் பயநாயகம் என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் நடந்து வரும்போது ஒருவன் கையில் இல்லாத தம்ளரைத் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்ப்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போவார். மழை வலுத்தால் அவர் படுப்பதில்லை. செருப்பைப் போட்டபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அடுக்களைச் சுவரில் விரிசல் முடிகிற இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தார், அது வளர்கிறதா என்று பார்க்க.

"ஒரு நாளைக்கு என்னையும் செவுத்துல சாத்தி கோடு போட்டுருவாரு," என்று அவர் மனைவி மோகனா பைப்படியில் சொல்வார். பெண்கள் சிரிப்பதில் அவர் குரல்தான் பெரிதாகக் கேட்கும்.

பயம் பிறவியிலேயே வந்ததில்லை. இளவயதில் ராஜநாயகம் ரிங்லெட் பக்கம், அணைக்கட்டு ஏரியில் மணல் வாருகிற குத்தகைக்காரர் ஒருவரிடம் மண்வாரி மெஷின் ஓட்டியவர். மேலே மலையில் வெட்டுகிற மண்ணெல்லாம் மழையில் கரைந்து கடைசியில் ஏரிக்குத்தான் வருகிறது. ஏரி நிறைய நிறைய அதை வாரி, பள்ளம் கண்ட இடத்தில் கொட்டுவார்கள். இந்த மலையின் பாறை உளுத்தது. மாவுபோல் வெள்ளைக் களியும் பருமணலுமாக உதிரும். கொட்டிய மணல் சில மாதத்தில் காய்ந்து கெட்டியாகத் தெரியும், மேலே புல்கூட முளைத்துவிடும். அடியில் மட்டும் தண்ணீர் போகாமல் நின்றுகொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் மெஷின் அதிர்ந்துகொண்டு நின்றால், சில நேரம் சங்கிலிச் சக்கரத்தைச் சுற்றி வெள்ளையாக நீர் கசிந்து மேலே வரும். மணல் வாருகிறவர்கள் அதற்கு ஒரு பேச்சு வைத்திருந்தார்கள்: மண்ணு பால் விடுது. அது காதில் விழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஏன் என்று நின்று கேட்கக் கூடாது.

அவரோடு வேலை செய்த குகனேஸ்வரன்தான் அன்றைக்கு அதைச் சொன்னான். "டேய் ராஜா, பால் விடுது, எறங்கு." ராஜநாயகம் குதித்துக் கரைக்கு ஓடினார். பால் நின்றுவிட்டது. நின்றதைப் பார்த்த குகனேஸ்வரன், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்துவிட்டு வருகிறேன் என்று திரும்பி ஏறினான். மெஷின் லிஃப்டில் இறங்குவதுபோல் சத்தமில்லாமல் நேராக இறங்கியது. சுற்றியிருந்த மணல் கஞ்சிபோல் புரண்டு வந்து மேலே மூடிக்கொண்டது. கை மட்டும் சற்று நேரம் வெளியே இருந்தது என்று ராஜநாயகம் ஒருமுறை சொல்லியிருக்கிறார், ஒரே முறைதான்.

அதைவிட அவரை உலுக்கியது பிறகு நடந்தது. தோண்ட ஓடியவர்களின் மண்வெட்டி அந்த மணலில் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் முன்பு ஒரு மெஷினையே குடித்த மணல், இப்போது தளம் போட்டதுபோல் இறுகிக் கிடந்தது. "முழுங்கும்போது தண்ணி. முழுங்கி முடிச்சா கல்லு," என்பார். மணல்மணிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற வரைக்கும்தான் அது தரை. உலுக்கிவிட்டால் அவை நெருங்கி உட்காரப் பார்க்கும். நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக வழியில்லை. அது மணிகளைத் தன்மேல் தூக்கிக்கொள்ளும். ஒன்றையொன்று தொடாத மணல் பிறகு தண்ணீரின் குணத்துக்கு வந்துவிடும். தண்ணீர் வெளியேறியதும் மணிகள் முன்பைவிட நெருக்கமாக உட்காரும். அந்த இறுக்கத்துக்குள் யார் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

அவர் அந்த வேலையை விட்டார். எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்ட வந்தார். ஆனால் மணல் அவரைத் தேடி வந்தது. லயத்துக்குக் கீழே, ஏரியில் போய் முடிகிற ஓடைப் பள்ளம் ஒன்று இருந்தது. யாரோ ஒரு குத்தகைக்காரர் ஏரி மணலைக் கொண்டுவந்து அதில் கொட்டி மட்டம் செய்தார். பிள்ளைகளுக்குப் பந்து விளையாட இடம் கிடைத்ததென்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. கீழ்த்திடல் என்று பேரானது. ராஜநாயகம் மட்டும் ஒரு நாளும் அதில் கால் வைத்ததில்லை. பந்து அந்தப் பக்கம் உருண்டால் வேண்டுமென்றே அவரை எடுத்துத் தரச் சொல்வார்கள்.

சென்ற ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு வியாழக்கிழமை பிற்பகல், ஜன்னல் கட்டையில் இருந்த தம்ளரில் வளையம் தோன்றியது. அது அழியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வளையங்கள் வந்து மோதிக்கொண்டன, தேநீர் கொதிப்பதுபோல் துள்ளியது. அடுக்களையில் பாத்திரங்கள் நடுங்கின. ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடித்தது. பிறகு எல்லாம் நின்றது.

வெளியே யாரோ, "பெரிய லோரி போவுது போல," என்றார்கள். "லோரி இல்லடா, சுமத்ராவுல பூமி ஆடினா இங்க கேக்கும்லா," என்றது இன்னொரு குரல். பேச்சு அத்தோடு வேறு பக்கம் போய்விட்டது.

ராஜநாயகம் கீழ்த்திடலை நோக்கி ஓடினார். ஓரத்தில் நின்றுவிட்டார்.

திடலின் நடுவில் மண் வாயைத் திறந்திருந்தது. ஒரு கைப்பிடி அகலத் துளை. அதிலிருந்து வெள்ளைத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. தண்ணீரோடு வருகிற மணல் துளையைச் சுற்றிப் படிந்து படிந்து முழங்கால் உயரத்துக்குக் கூம்பாக எழும்பியிருந்தது. ஆட்டம் எப்போதோ நின்றுவிட்டது. இது நிற்கவில்லை. மேல்மண்ணின் பாரம் அடித்தண்ணீரைப் பிதுக்கிக்கொண்டே இருந்தது. கோல்கம்பம் ஒன்று சாய்ந்து அரையளவு உள்ளே போயிருந்தது. எப்போதோ புதைத்து மறந்துபோன காலி நீலத் தொட்டி ஒன்று, தானே மேலே வந்து புல்லைப் பிளந்துகொண்டு மிதந்தது. கனமானது இறங்குகிறது, வெறுமையானது ஏறுகிறது. அவர் செருப்பு நுனியால் ஓரத்தை அழுத்தினார். காய்ச்சிய பாலின் ஆடைபோல் திடல் தொலைவுவரை நடுங்கியது.

அவர் கை போனைத் தேடியது. லயத்து வாட்ஸ்அப் குழுவில் அதுவரை அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. மூச்சு வாங்கக் குரல்பதிவு போட்டார்: "நான் ராஜநாயகம் பேசுறேன். கீழத்தெடல்ல மண்ணு பால் விடுது. யாரும் அப்படியே எறங்கிராதீங்க."

அதன் பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனார். மானேஜர் இல்லை. கணக்கெழுதுகிற கிராணி அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படம் எடுத்து அனுப்புங்கண்ணே. திங்கக்கெழம யாரையாச்சும் பாக்கச் சொல்றேன்," என்றார்.

"திங்கக்கெழம வரைக்கும் அது இருக்காதுங்க."

"எது இருக்காது?"

"தெடல்."

கிராணி அவருடைய ஈரச் செருப்பைப் பார்த்தார்.

அவர் வீடு திரும்பியபோது லயத்தில் எல்லா வீட்டிலும் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. பெண்கள் தலைக்குக் குளித்து முடியை விரித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு சீதா வாசலை மஞ்சள் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். கிறிஸ்தவரான அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வேதக்காரரு வாயில வந்திருக்கு பாருங்களேன்," என்றாள் சீதா. "நாங்க கும்புடுறவங்க, எங்க கண்ணுக்குத் தெரியல. அம்மா ஒங்க கண்ணுக்குக் காட்டியிருக்கா. புத்து பால் விடுதுன்னு நீங்கதான மொத சொன்னீங்க."

"புத்தா? நான் மண்ணுன்னுல்ல சொன்னேன்."

"மண்ணுதான புத்து. அப்படியே எறங்கிராதீங்கன்னும் சொன்னீங்க. அதான் எல்லாரும் தல முழுகிட்டோம். செருப்போட, தீட்டோட யாரும் போக மாட்டோம். பயப்படாதீங்க."

அதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எடுத்த படம் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. பாம்புப்புற்றைப் போலவே கூம்பு, உச்சியில் துளை, துளையிலிருந்து வழியும் வெண்மை. அந்தப் படத்தைப் பார்க்கிற எவருக்கும் அது வேறொன்றாகத் தெரிய வழியில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை.

உள்ளே மோகனா அம்மியில் மஞ்சள் உரசிக்கொண்டிருந்தார். முகத்தில் ராஜநாயகம் பல வருடமாகக் காணாத ஒரு வெளிச்சம் இருந்தது.

"பூசாரி வந்தாரு," என்றார் மோகனா. "மொதப் பால்கொடம் நான் எடுக்கணுமாம்."

ராஜநாயகத்துக்கு இதன் எடை தெரியும். வேதக்காரனைக் கட்டிக்கொண்டவள் என்று மோகனாவைக் கோயிலில் யாரும் தடுத்ததில்லை. ஆனால் குடமோ கரகமோ அவர் தலைக்கு வந்ததும் இல்லை. வரிசை போகும்போது எப்போதும் பக்கத்தில், வெறுங்கையோடு நடப்பார். இப்போது அவர் கணவனின் வாயாலேயே அந்தக் கதவு திறந்திருக்கிறது.

"மோகனா, அது புத்து இல்ல. குகனைக் கொன்னது அதுதான்."

அம்மி நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"ஒங்களுக்கு எதைப் பாத்தாலும் அதுதான்."

ராஜநாயகம் ஒரு கிண்ணத்தில் அரிசியைப் போட்டு மேல்மட்டம் வரைக்கும் தண்ணீர் ஊற்றினார். அரிசிமேல் ஒரு இரும்புச் சாவியை வைத்தார். சாவி நின்றது. கிண்ணத்தின் பக்கத்தை விரலால் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். சாவி மெல்லச் சாய்ந்து உள்ளே போனது. அரிசிமேல் வெள்ளைத் தண்ணீர் ஏறி நின்றது.

"நாளைக்கு அந்தச் சாவி நீ," என்றார்.

மோகனா நெடுநேரம் கிண்ணத்தைப் பார்த்தார். "வேற எப்பவாச்சும் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்," என்றார். "இந்த ஒரு தடவ மட்டும் என்னைய பயமுறுத்தாதீங்க."

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. லயமே மஞ்சளாகத் திடலில் இறங்கியது. கூடாரம் போட்டிருந்தார்கள். பால் பாக்கெட்டுகளும் முட்டைகளும் தட்டுகளில் குவிந்திருந்தன. ரிங்லெட்டிலிருந்து உறுமி மேளப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்கள் அடித்த அடியும், மண்ணில் காலை உதைத்து ஆடிய ஆட்டமும் ராஜநாயகத்தின் உள்ளங்காலில் வந்து ஏறின. அவர் திடலின் விளிம்பில், கல் பாவிய பாதையின்மேல் நின்றார். அதைத் தாண்ட அவர் கால் மறுத்தது.

புற்றிலிருந்து பால் வருவது விடிகாலையிலேயே நின்றுவிட்டிருந்தது.

"அம்மா குளுந்துட்டா," என்றார் பூசாரி கந்தசாமி, எல்லோருக்கும் கேட்கும்படி.

ராஜநாயகத்துக்கு அந்த மெஷின் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் பால் நின்ற பிறகுதான் அது உள்ளே போனது. வாய் அடைத்துக்கொண்டால், உள்ளே பிதுங்கிய தண்ணீர் எங்கேயாவது ஒன்றாகச் சேர்ந்து கிடக்கும். எங்கே என்று அவருக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும்? அவர் பார்வை புல்லில் அலைந்து ஒரு கோட்டில் நின்றது. திடலைப் பாதியாக வளைத்து, ஏரிப் பக்கம் பார்த்த பிறைபோல் ஒரு விரிசல் ஓடியது. காலையில் அவர் வந்தபோது அது தீக்குச்சி நுழைகிற அகலம். இப்போது ஒரு குழந்தை அதைத் தாண்டிக் குதித்து விளையாடிக்கொண்டிருந்தது. கூடாரமும் புற்றும் கூட்டமும் எல்லாம் விரிசலுக்கு அந்தப் பக்கம்.

"வெளிய வாங்க," என்று கத்தினார். "எல்லாரும் மேல ஏறுங்க. மண்ணு போவப் போவுது."

உறுமியில் பாதிச் சொல் கரைந்தது. கேட்ட சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, தம்ளர் கொண்டாரலயா?" என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்தது.

சீதா மட்டும் அருகில் வந்தாள். "நேத்து நீங்கதான் வரச் சொன்னீங்க. இன்னிக்கு நீங்களே போகச் சொல்றீங்க. மோகனாக்கா தலையில கொடம் ஏறுறது ஒங்களுக்கே பொறுக்கலயா?"

மோகனா மஞ்சள் சேலையில், தலையில் பித்தளைக் குடத்தோடு, புற்றுக்கு எதிரே நின்றிருந்தார். ஒரு கை குடத்தைத் தொட்டிருந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குடத்தோடு திரும்பக் கூடாது.

அப்போது ராஜநாயகத்தின் போன் அடித்தது. மோகனாவின் தம்பி யுவனேஸ்வரன். கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் லோரி ஓட்டுகிறவன்.

"மச்சான், அக்கா பால்கொடம் எடுக்குதாமே. வந்துக்கிட்டே இருக்கேன். லோரியில லோடு இருக்கு, நேரா தெடல்லயே எறக்கி நிறுத்திரவா?"

நிறைபாரத்தோடு ஒரு லோரி அந்தப் புல்மேல் உருண்டு வருவதை ராஜநாயகம் கண்டார். போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமில்லை. கூட்டத்தின் ஓரத்தில் இருந்த பெண்கள் அந்த முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். போனைப் பிடித்துக்கொண்டு அப்படி நிற்கிற முகத்துக்கு லயத்தில் ஒரே அர்த்தம்தான்.

"என்னாச்சுண்ணே?" என்றாள் சீதா, குரல் இறங்கி. "யாரு போன்ல?"

"யுவா," என்றார். அது உண்மை. அடுத்தது அவர் யோசித்துச் சொன்னதில்லை. "லோரி கவுந்துருச்சு. மோகனா, தம்பி போயிட்டான்."

போனை அணைத்துவிட்டார்.

உறுமி ஒரு தட்டோடு நின்றது. சாவு என்று காதில் விழுந்த பிறகு மேளம் அடிக்க மாட்டார்கள். அந்த அமைதியில் குடம் விழுந்த சத்தம் கேட்டது. பால் மணலில் பரவியது. மணல் அதை உறிஞ்சவில்லை. அது மேலேயே நின்றது. மோகனா ஒரு வார்த்தையும் பேசாமல் ஓடி வந்தார். விரிசலைத் தாண்டினார், கணவரைத் தாண்டினார், பாதையில் ஏறினார். பாதி ஏற்றத்தில்தான் அவர் குரல் வெடித்தது. தீட்டு விழுந்தவளின் குடத்தோடு பூசை இல்லை. சாவு விழுந்த வீட்டுக்குப் போகாமல் எங்கள் லயத்தில் யாரும் இருந்ததும் இல்லை. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஏறினார்கள். உறுமிப் பிள்ளைகள் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டு நடந்தார்கள்.

பூசாரி கந்தசாமி மட்டும் நின்றார்.

"பூசாரி, வாங்க."

"நீ போப்பா. தீட்டு ஒன் வீட்டுக்கு. வெளக்க மலையேத்தாம நான் எப்படி வர்றது?" அவர் நிதானமாகத் தட்டை எடுத்து, கற்பூரத்தின் சாம்பலைப் பார்த்தார். "நல்ல பையன் யுவா. பாவம்."

முதலில் சத்தமே இல்லை. கூடாரத்தின் நான்கு கால்களும் சேர்ந்தாற்போல் ஒரு அடி எடுத்து வைத்தன. ராஜநாயகம் தன் கண்ணைத்தான் சந்தேகித்தார். பிறகு போர்வைக்குள் படுத்திருப்பவர் புரள்வதுபோல் திடல் புரண்டது. பிறை விரிசல் வாயாகத் திறந்தது. இந்தப் பக்கம் பாதை. அந்தப் பக்கம் புல், கூடாரம், புற்று, தட்டை ஏந்திய பூசாரி, எல்லாம் அப்படி அப்படியே நின்றபடி ஏரியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. பூசாரி நின்ற இடத்துப் புல் ஒரு தாம்பாளம்போல் அவரைச் சுமந்து போனது. போகிற போக்கில் அது பாதி வட்டம் சுற்றியது. ஒரு கணம் பூசாரியின் முகம் ராஜநாயகத்துக்கு நேராக வந்தது. அந்த முகத்தில் பயம் இன்னும் வந்து சேரவில்லை.

"படுங்க," என்று ராஜநாயகம் அலறினார். "நடக்காதீங்க. கை கால விரிச்சுப் படுங்க."

பூசாரி தட்டோடு விழுந்தார். கூடாரம் மடிந்தது. புற்று கரைந்து வெறும் மணலாகி, மணல் கஞ்சியாகி ஓடியது. இறக்கம் அங்கே பெரிதாகவும் இல்லை, பிள்ளைகள் சைக்கிள் விடுகிற சரிவுதான். அது போதுமாக இருந்தது. ஏரிக்கரைக் கற்குவியலில் மோதி அந்தப் புல்துண்டு நின்றது. பின்னால் வந்த வெள்ளைக் குழம்பு அதைச் சுற்றிக்கொண்டு மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், வந்துகொண்டே இருந்தது. பூசாரியின் தொடைவரை ஏறியது.

சத்தம் கேட்டு மேலே போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள்.

"தகரத்தை எடுங்கடா. தகரத்தைப் போட்டு அது மேல போங்க. சீக்கிரம், சீக்கிரம்லா, அது கல்லாவுறதுக்குள்ள." அவர் கத்திக்கொண்டே இருந்தார். கோழிக்கூட்டிலிருந்து பிடுங்கிய தகரங்களை வரிசையாகப் போட்டு இளைஞர்கள் ஊர்ந்து போனார்கள். முன்பு தம்ளர் கேட்டவன்தான் முதலில் போனான். ராஜநாயகம் போகவில்லை. போக முடியவில்லை. கயிற்றின் மறுநுனியை விளக்குக் கம்பத்தில் சுற்றி, அதையும் நம்பாமல் தன் இடுப்பில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தார். பூசாரி வந்தார், வேட்டி வரவில்லை. ஒரு கணுக்கால் திரும்பியிருந்தது. தட்டைக் கடைசிவரை அவர் விடவில்லை.

எல்லோரும் கரையில் நின்று, திடல் இருந்த இடத்தைப் பார்த்தார்கள். பால்குட வரிசை நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு பள்ளம். யாரும் எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அவரவர் பிள்ளையை அவரவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

மோகனா அங்கே வரவில்லை. அவர் வீட்டில் தலைவிரி கோலமாக, சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகைக்குள்தான் யுவனேஸ்வரன் இரண்டு கையிலும் முட்டைக்கோஸ் பையோடு நுழைந்தான்.

"என்னக்கா, யாருக்கு என்ன? ரோட்டுல ஒருத்தனும் என்னைய பாக்க மாட்டேங்குறான். சீதாக்கா என்னைப் பாத்துட்டு உள்ள ஓடிருச்சு."

மோகனா எழுந்தார். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் தடவினார். காதை, கழுத்தை, தோளை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அப்போதுதான் ராஜநாயகம் இடுப்பில் கயிற்றோடு வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் நின்ற கூட்டம் நடந்ததை ஒரே நேரத்தில் பல வாயில் சொன்னது. "ஒங்க வீட்டுக்காரரு இல்லன்னா இன்னிக்கு நாங்க யாருமே இல்லக்கா," என்றாள் சீதா.

மோகனா எல்லாவற்றையும் கேட்டார்.

"வேற யாரு பேரும் வரலயா ஒங்க வாயில?" என்றார் கடைசியில்.

"வேற யாரு பேரச் சொன்னாலும் நீ கொடத்த எறக்கியிருக்க மாட்ட."

அது உண்மையென்று மோகனாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவருடைய கோபத்துக்குப் போகிற இடம் இல்லாமல் போனது. "வெள்ளிக்கெழம, அம்மா முன்னாடி," என்றார் மெதுவாக. "சொன்னது சொன்னதுதான. அதை எங்க போயி எடுக்கிறது?"

யுவனேஸ்வரன் சிரித்துப் பார்த்தான். "எடுக்கலாம்க்கா. நான்தான் நிக்கிறேன்ல," என்றான். பிறகு அவனும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

கீழ்த்திடலைச் சுற்றி இப்போது சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வடிந்து மணல் இறுகிவிட்டது. கம்பியால் தட்டினால் கல் சத்தம் கேட்கிறது. பித்தளைக் குடம் அதற்குள் எங்கேயோ இருக்கிறது. தோண்டிப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. பயநாயகம் என்ற பேர் போய்விடவில்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் இப்போது குரலைத் தணித்துச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் சிலர் அவர் வீட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

அவர்கள் வீட்டுக்குள் அன்றிலிருந்து ஒரு வழக்கம். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ராஜநாயகம் கோலா தெர்லாவுக்கு போன் போட வேண்டும். சொன்ன வாயாலேயே கேட்க வேண்டும்.

"மாப்ளே, இருக்கியா?"

"இருக்கேன் மச்சான்."

அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகுதான் மோகனா சாப்பாட்டுப் பெட்டியை மூடுவார்.

போன வாரம் மலை முழுக்க மழை. மேல்சாலையில் எங்கோ மண் சரிந்திருப்பதாகக் குழுவில் படம் வந்திருந்தது. ராஜநாயகம் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். மோகனா இரண்டு தம்ளரில் தே-ஓ கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்தார். ஒன்று அவருக்கு, ஒன்று தனக்கு. இருவரும் குடிக்கவில்லை. மேலே லோரி ஒன்று போயிற்று. இரண்டு தம்ளரிலும் வளையம் வந்தது. மோகனா குனிந்து தன்னுடையதைப் பார்த்தார். அது விளிம்பைத் தொடும்வரை மூச்சு விடவில்லை.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. தேநீர் அடங்கிய பிறகு, எங்கோ தூரத்தில் அது எடுக்கப்பட்டது.

"குளிச்சுக்கிட்டு இருந்தேன் மச்சான்," என்றான் யுவனேஸ்வரன். "இருக்கேன். இருக்கேன்னு சொல்லுங்க அக்காகிட்ட."

ராஜநாயகம் தம்ளரை எடுத்தார். மோகனா எடுக்கவில்லை. "கொஞ்சம் இருங்க," என்றார், "இன்னும் ஆடுது."